சில இடங்களில் சிறப்பு

ஓய்வு பெற்ற ஒருத்தியைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் என்ன நடக்கும் என்பது உங்கள் ஆசிரியருக்குத் தெரியும். 'எங்கள் காலத்தில்' என்று நான் ஆரம்பிப்பேன், உங்களுக்குக் கொட்டாவி வரும். ஆகவே எங்கள் காலத்தை விட்டுவிடுகிறேன். அந்தக் காலத்தில் நாங்களும் ஒன்றும் வெட்டி முறித்துவிடவில்லை. பாடகரின் பெயரைத் தப்பாகப் போடுவதும் மறுநாள் வருத்தம் தெரிவிப்பதுமாகத்தான் பாதி நாள் போனது.

விருதுநகர் அலுவலகத்தில் மாவட்டப் பக்கத்துக்கும் ஞாயிறு இணைப்புக்கும் கலை விமர்சனம் எழுதியவள் நான். கோயில் கச்சேரி, மெல்லிசைக் குழு, பள்ளி ஆண்டு விழா, பட்டிமன்றம் என்று நோட்டீஸில் 'கலை' என்ற சொல் அச்சாகியிருந்தால் போதும், அது என் தலையில் விழும். இப்போது அந்தப் பக்கத்தை நீங்கள் எழுதுகிறீர்கள். விடாமல் படிக்கிறேன். கச்சேரிக்கு மூன்றரை நட்சத்திரம் போடுகிறீர்கள். அந்த அரை நட்சத்திரத்தை எங்கே கண்டுபிடித்தீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். வயலின்காரர் தொண்டையைச் செருமிய இடத்திலா, தனி ஆவர்த்தனத்தில் மைக் கீச்சிட்ட இடத்திலா? மூன்றாக இருந்தால் கோபித்துக்கொள்வார்கள், நாலாக இருந்தால் பல்லிளிப்பார்கள், நடுவில் ஒன்று போட்டுவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதானே விஷயம்? சிரிக்காதீர்கள். அதே வேலையை நட்சத்திரம் இல்லாமல் வெறும் வார்த்தையாலேயே செய்தவள் நான். உங்களைவிடக் கைகாரி.

நான் எழுதியதிலேயே யாரும் குறை சொல்லாத விமர்சனம் ஒன்று உண்டு. ஒரு மறுப்புக் கடிதம்கூட வரவில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் எவ்வளவு என்று யாரும் கேட்கமாட்டார்கள். அன்றைக்குத்தான் காலண்டர் கம்பெனிகள் அடுத்த வருடத்துக்கான ஆல்பத்தை வெளியிடும். பிள்ளையார், முருகன், மாதா, மெக்கா, குழந்தை, அருவி என்று அத்தனை டிசைனையும் சேர்த்துக் கட்டிய, தூக்கினால் தோள் இறங்கும் புத்தகம் அது. வெளியூர் ஏஜென்டுகள் எல்லாரும் வந்துவிடுவார்கள். அவர்கள் பக்கம் புரட்டும் வேகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளையாருக்கு அரை விநாடி. அதற்குள் இந்தப் பிள்ளையார் ஓடுவார், இந்தப் பிள்ளையார் ஓடமாட்டார் என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். நம் தொழிலில் அந்தத் தைரியம் உள்ள ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருந்தது. ராஜமாணிக்கம் அண்ணாச்சி என்று ஓர் அச்சக முதலாளி, ஆல்பம் வெளியீட்டுக்கு அழைத்திருந்தார். அழைப்பிதழின் அடியில் 'மாலை 3 மணி: நாலாவது ஷிப்ட், ராக் இசை' என்று ஒரு வரி. அச்சகத்தில் இருப்பதே மூன்று ஷிப்ட்தான். அந்த மூன்றிலும் அகப்படாமல் தப்பித்த பிள்ளைகள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

கல்யாண மண்டபத்தில் பந்தி. ஐந்து வகைக் கலவை சாதம், வடை, பாயசம். அண்ணாச்சி என் இலைக்கு எதிரே வந்து நின்றார். பக்கத்தில் ஒரு பெண், கறுப்புச் சட்டை, இருபத்தி நாலு வயது இருக்கும்.

"இது என் மக தாரணி மேடம். அச்சுத் தொழில்ல இஞ்சினியர் படிச்சிருக்கு. வாசப்படியில நின்னு பாத்தே சிவப்பு கூடிருக்கு, மஞ்சள் கம்மியா இருக்குன்னு சொல்லிப்புடும். நாப்பது வருஷ மிஷின்மேனுக்கு அந்தக் கண்ணு கிடையாது. ஆனா மெட்ராஸ்ல போய் கிடார் வாசிச்சுக்கிட்டு இருக்கு."

"எனக்குக் காதும் இருக்குப்பா" என்றாள் தாரணி.

"அதத்தான் இன்னைக்குப் பாக்கப்போறோம்." அவர் என் பக்கம் திரும்பினார். "இதுக ஆர்டர் குடுத்தா வாசிக்கிற ஆளுக இல்ல மேடம். என்ன பாட்டு வாசிப்பீகன்னு கேட்டேன். மேடைல ஏறுன பெறகுதான் தெரியும்ங்குது. பிளேட்டே மாட்டாம மிஷின ஓட்டுற கதையால்ல இருக்கு?"

தாரணி சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் எனக்கு ஒரு விஷயத்தை விளக்கினார். புது வேலை மிஷினில் ஏறும்போது முதல் நூறு, இருநூறு தாள் கண்ராவியாக வரும். பிள்ளையாரின் சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம் என்று விலகி நிற்கும். மிஷின்மேன் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டு வருவார். நாலு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்த தாள் வந்ததும் அதை முதலாளியிடம் காட்டுவார்கள். அவர் ஓரத்தில் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பெயர் ஓகே ஷீட். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் வேஸ்ட். பின்னால் வருவதெல்லாம் அச்சு அசலாக அதைப்போலவே வரவேண்டும்.

"எனக்குப் பாட்டுகீட்டு தெரியாது. நீங்க முப்பது வருஷமா எழுதுறீக. நாளைக்குப் பேப்பர்ல நீங்க ஓகேன்னு எழுதுனா, இன்னும் ரெண்டு வருஷம் மெட்ராஸ்ல இருக்கட்டும், நான் வாயத் தொறக்கல. வேஸ்டுன்னா அடுத்த வாரமே பெட்டியக் கட்டிட்டு வந்து மிஷின் பக்கத்துல நிக்கணும். பேசி வச்சிருக்கோம். கேளுங்க."

தாரணி தலையை ஆட்டினாள். "ஆமாக்கா. நாந்தான் உங்க பேரச் சொன்னேன். நீங்க பொய் எழுத மாட்டீகன்னு." வயதுக்குப் பார்த்தால் அவள் என்னை அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும். பத்திரிகைக்காரி என்பதால் அக்கா.

பாயசத்தைத் தள்ளி வைத்தேன். ஒரு விமர்சகருக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படித் தோன்றவே இல்லை. எவள் வீட்டுக் கல்யாணத்துக்கோ என்னைத் தாலி எடுத்துக் கொடுக்கச் சொன்னதுபோல் எரிச்சல்தான் வந்தது.

மூன்று மணிக்கு ஆரம்பித்தார்கள். மூன்று பேர். தாரணி கிடார். பேஸ் கிடாரில் முத்துப்பாண்டி, ஏழாயிரம்பண்ணைப் பையன், அவன் அப்பா பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். டிரம்ஸ் இர்பான், பஜாரில் அவர்கள் குடும்பத்துக்குப் பாத்திரக்கடை. சின்ன வயதிலிருந்தே தட்டிப் பழகியவன் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

முதல் பத்தொன்பது நிமிடம் தாரணி ஒரே தந்தியை மீட்டினாள். ஒரே தந்தி, ஒரே சுரம். காலடியில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக மிதித்து அந்தச் சுரத்தை முனகவிட்டாள், கதறவிட்டாள், கிணற்றுக்குள் போட்டு எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, மெய்ம்மறந்து. முத்துப்பாண்டியும் கண்ணை மூடியிருந்தான். ஏஜென்டுகளும் மூடியிருந்தார்கள், அது கலவை சாதத்தின் வேலை. விழித்திருந்த கும்பகோணத்து ஏஜென்ட் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "ஏம்மா, இன்னும் சுதி சேத்துக்கிட்டுத்தான் இருக்காங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் ஆமாம் என்றேன். அதைத்தான் நான் அச்சில் எழுதியிருக்க வேண்டும்.

அதற்கப்புறமும் ஐம்பது நிமிடம் அப்படியே ஓடியது. ஒருவர் ஏதோ ஆரம்பிப்பார், மற்ற இருவரும் வழிவிட்டு நிற்பார்கள், ஆரம்பித்தவருக்கு என்ன செய்வது என்று தெரியாது. பஸ் வாசலில் 'நீங்க ஏறுங்க, நீங்க ஏறுங்க' என்று மூன்று பேர் மரியாதை கொடுத்துக்கொண்டே பஸ்ஸைத் தவறவிட்டதுபோல் இருந்தது. நான் நோட்டில் நிறைய எழுதினேன். கேலி எழுதும்போது என் பேனா எப்போதும் வேகமாக ஓடும்.

நாலு பத்துக்கு முத்துப்பாண்டியின் விரல் தப்பான இடத்தில் விழுந்தது. அரை சுரம் தள்ளி, பச்சையாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அவன் முகம் வெளிறிவிட்டது. நம் ஊர்க் கச்சேரியில் இப்படி ஆனால் பக்கவாத்தியக்காரர் ஒரு குழைவு குழைத்து மூடிவிடுவார், சபையும் பெரிய மனது பண்ணிக் கேளாததுபோல் இருந்துவிடும். தாரணி திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தத் தப்பான சுரத்தையே மேலே, மெல்லியதாக, ஒரு தடவை வாசித்தாள். முத்துப்பாண்டி பயந்துபோய்த் திரும்ப அதையே வைத்தான். இர்பான் கையில் இருந்ததையெல்லாம் நிறுத்திவிட்டு விளிம்பில் மட்டும் தட்டினான்.

அங்கிருந்து என்ன நடந்தது என்பதை எழுத எனக்கு அன்றைக்கு வார்த்தை இல்லை, இன்றைக்கும் கொஞ்சம்தான் இருக்கிறது. அந்தப் புளித்த சுரத்தைச் சுற்றி அவள் ஒரு மெட்டைக் கட்டினாள். நாலு சுரம் வாசிப்பாள், ஐந்தாவதுக்கு நம் மனசு போய் நிற்கும், அவள் வாசிக்கமாட்டாள். அந்தக் காலியான இடத்தில் முத்துப்பாண்டி தன் தப்பை வைப்பான், அது தப்பாகவே இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் அது இன்னும் கொஞ்சம் துக்கமாகவும் இன்னும் கொஞ்சம் தைரியமாகவும் ஆனது. பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எச்சில் இலையோடு கதவருகே நின்றுவிட்டார். ஆல்பம் புரட்டிக்கொண்டிருந்த ஏஜென்டின் கட்டைவிரல் ஒரே பக்கத்தில் தங்கிவிட்டது. என் வாழ்நாளில் ஆயிரம் கச்சேரி கேட்டிருப்பேன். உடம்பு சிலிர்த்து, இது முடிந்துவிடக் கூடாதே என்று நான் பயந்தது ஏழெட்டுத் தடவைதான். அதில் இது ஒன்று. நோட்டில் ஒரு வார்த்தை எழுதவில்லை. முடிந்தபோது மணியை மட்டும் குறித்தேன். நாலு முப்பத்திரண்டு.

யாரும் கை தட்டவில்லை. முடிந்துவிட்டது என்று யாருக்கும் தெரியாது. அந்த அமைதியைப் பார்த்துப் பயந்து இர்பான் டிரம்ஸைப் போட்டு அடிக்க ஆரம்பித்தான். இருபத்தைந்து நிமிடம். பாத்திரக்கடை மொத்தத்தையும் மாடிப்படியில் உருட்டிவிட்டான். தூங்கியவர்கள் எல்லாம் எழுந்து பலமாகக் கை தட்டினார்கள். ஐந்து நாற்பது வரை ஏதேதோ நடந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மாவட்டப் பக்கம் ஆறரைக்கு முடியும். மண்டப மேனேஜர் அறையில் உட்கார்ந்து போனிலேயே தட்டினேன். அந்த அரை மணி நேரத்தில் என் புத்தி எப்படியெல்லாம் ஓடியது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். நீங்களும் அங்கே உட்காரப்போகிறவர்கள்தானே.

இரண்டே கால் மணி நேரம் குப்பை என்று எழுதினால் அது உண்மை. ஆனால் அண்ணாச்சி இரண்டே கால் மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வார், அந்தப் பெண் அடுத்த வாரம் பெட்டியைக் கட்டுவாள். அந்தப் பாவம் எனக்கு எதற்கு? சரி, இருபத்திரண்டு நிமிடம் அற்புதம் என்று எழுதினால் அதுவும் உண்மை. ஆனால் தூங்கி எழுந்த நூறு ஏஜென்டுகள் மறுநாள் அதைப் படித்து, 'பேப்பர்காரம்மாவுக்குப் பாயசத்துல என்னத்தக் கலந்தாக?' என்று கேட்பார்கள். போதாததற்கு, ராக் இசையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரியாத விஷயத்தை ஓங்கிச் சொல்லி, மதுரையில் எவனாவது தெரிந்தவன் படித்துச் சிரித்தால்? முப்பது வருடப் பெயர். ஆக, அந்தப் பெண்ணுக்காகக் கொஞ்சமும் எனக்காக நிறையவும் பயந்து, எழுதினேன்.

'நாலாவது ஷிப்ட் குழுவினரின் இசை நிகழ்ச்சி ஏற்ற இறக்கங்களுடன் அமைந்திருந்தது. சில இடங்களில் இளைஞர்களின் கற்பனை வளம் வியக்க வைத்தது. சில இடங்களில் நீளத்தைக் குறைத்திருக்கலாம். மொத்தத்தில், வளரும் கலைஞர்களின் வரவேற்கத்தக்க முயற்சி.'

அழகாக இல்லை? ஒரு தப்பு கண்டுபிடியுங்கள் பார்ப்போம். பொய் ஒரு வார்த்தை கிடையாது. தாரணி சொன்னது சரிதான், நான் பொய் எழுதமாட்டேன்.

ஆறே காலுக்கு அலுவலகத்திலிருந்து போன். மாவட்டப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். அவருக்குச் சங்கீதம் ஒரு மண்ணும் தெரியாது, தமிழ் தெரியும். என் எழுத்தில் உருப்படியாக ஏதாவது இருந்தால் அது அவர் மற்றதையெல்லாம் அடித்துவிட்டதால் மிஞ்சியது.

"ஏம்மா, கச்சேரி நல்லா இருந்துச்சா, இல்லையா?"

"ரெண்டும்தான் சார்."

"எப்ப எது?"

"சில இடங்கள்ல..."

"அதான் எந்த இடம்மா? சிவகாசிக்குப் போற வழியில சில இடங்கள்ல ரோடு நல்லா இருக்குன்னு எழுதுனா லாரிக்காரன் என்ன செய்வான்? திருத்தங்கல் வரைக்கும் நல்லா இருக்கு, அதுக்கப்புறம் குழின்னு சொல்லு. கீழ ஒரு வாழ்த்துச் செய்திய எடுத்துட்டு உனக்கு அரைப் பத்தி தாரேன். பத்து நிமிஷம் இருக்கு."

என் மடியில் நோட்டு இருந்தது. நாலு பத்து, நாலு முப்பத்திரண்டு என்று அதில் எழுதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "இதுவே போதும் சார், சின்னப் பிள்ளைகள்" என்றேன்.

"சரி, ஓம் பேருலதான் போடுறேன்" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

இந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நெருக்கடி என்றால் போலீஸ் வரும், முதலாளி மிரட்டுவார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒருவரும் என்னை மிரட்டவில்லை. இடம் கொடுத்தார்கள், நேரம் கொடுத்தார்கள், உண்மையைத்தான் எழுது என்று அப்பாவும் மகளும் கேட்டுக்கொண்டார்கள். நானே என்னை மிரட்டிக்கொண்டு, அதற்கு நடுநிலை என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி போன் செய்தார்.

"மேடம், நாலு தடவ படிச்சுட்டேன். ஓகேயா, வேஸ்டா?"

"அதான் எழுதியிருக்கேனே அண்ணாச்சி."

"எழுதிருக்கீக. சொல்லலையே." அவர் குரலில் கோபம் இல்லை, ஒரு வியாபாரியின் பொறுமை இருந்தது. "சரி. நீங்க பாதி சொல்லிருக்கீக, நானும் பாதி குடுக்கேன். ரெண்டு வருஷம் இல்ல, ஒரு வருஷம். அடுத்த ஆடிக்குள்ள ஏதாச்சும் தேறுச்சுன்னா பாப்போம்."

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? பெண்ணுக்கு ஒரு வருடம் கிடைத்தது, அண்ணாச்சிக்கும் குறையில்லை, என் பெயருக்கும் பழுதில்லை. அன்றைக்கு அலுவலகத்தில் எல்லாருக்கும் நான்தான் காபி வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வருடம் நாலாவது ஷிப்ட் பற்றி அங்கங்கே காதில் விழுந்தது. மதுரையில் ஒரு கல்லூரியில் வாசித்தார்கள், பாதியில் கூட்டம் கலைந்தது. கோயம்புத்தூரில் வாசித்தார்கள். மெட்ராஸில் ஒரு விழாவில் இவர்களுக்குக் கொடுத்த நேரம் முடிவதற்குள்ளேயே அடுத்த குழுவை மேடையேற்றிவிட்டார்களாம். பாவம் என்று நினைத்தேன். அந்த இருபத்திரண்டு நிமிடம் குருட்டு அதிர்ஷ்டம்தான் போலிருக்கிறது, நல்லவேளை புகழ்ந்து மாட்டிக்கொள்ளவில்லை என்றும் நினைத்தேன். இதையும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

அடுத்த ஆடிப்பெருக்குக்கும் அழைப்பு வந்தது. அழைப்பிதழின் அடியில் அந்த ஒரு வரி இல்லை. இந்த முறை வெளியீடு அச்சகத்து வளாகத்திலேயே. ஆல்பத்தை வாங்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். தாரணி மிஷின் பக்கத்தில் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்கக்கா. சாப்டீகளா?"

"ஆச்சு. பேண்ட் என்ன ஆச்சு?"

"போன மாசத்தோட முடிஞ்சுருச்சு. இர்பான் கடையப் பாக்கான். முத்துப்பாண்டி அவுக அப்பா வேனை எடுத்துட்டான்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "உங்க மேல ஒண்ணும் இல்லக்கா. நீங்க நல்லாத்தான் எழுதுனீக. 'கற்பனை வளம் வியக்க வைத்தது.' அத வெட்டி ஆம்ப் பெட்டி மேல ஒட்டி வச்சிருந்தோம். ஒரு வருசமா அதத்தான் வளத்தோம்."

"எதை?"

"அந்த ஆரம்பத்த. ஒத்தத் தந்தி. அன்னைக்குப் பத்தொம்பது நிமிசம்தான் போச்சு, மெட்ராஸ்ல அம்பது நிமிசத்துக்குக் கொண்டுபோயிட்டோம். யாருக்கும் புரியல."

அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாம், வழக்கம்போல. ஏனோ அன்றைக்கு முடியவில்லை. "நான் சொன்னது அது இல்லம்மா. நாலு பத்துலேர்ந்து நாலு முப்பத்திரண்டு வரைக்கும். முத்துப்பாண்டி ஒரு சுரத்தத் தப்பா வச்சான், நீ அதையே திரும்ப எடுத்த..."

அவள் புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். பிறகு ஞாபகம் வந்துவிட்டது. வந்ததை முகத்தில் பார்த்தேன்.

"அதா? அது அவன் சொதப்புனதுல்லக்கா. வெளிய தெரியாம சமாளிக்கத்தான் நான் அங்கன சுத்திக்கிட்டு இருந்தேன். வேன்ல ஏறுனதும் அவன அம்புட்டு ஏசுனேன். அதுக்கப்புறம் தெனம் நாலு மணி நேரம் சாதகம் பண்ணுனான். ஒரு தடவகூடத் தப்பு விடல."

"யாராவது அதைப் பதிவு பண்ணி வச்சிருக்காங்களா?"

"எங்க வீட்டு ஆளுக போன்ல எடுத்தாக. அப்பா பேச்சு, குத்துவிளக்கு எல்லாம் இருக்கு. அது இல்ல."

அப்படியானால் அந்த இருபத்திரண்டு நிமிடம் நூறு பேர் இருந்த மண்டபத்தில் என் ஒருத்தியின் தலைக்குள்தான் இருந்திருக்கிறது. வாசித்தவர்களுக்கே தெரியாது. மேடையில் நிற்கிறவர்களுக்குக் கேட்காது, பாதிப் பேர் சமாளித்துக்கொண்டிருப்பார்கள், பாதிப் பேர் பயந்துகொண்டிருப்பார்கள். எது நன்றாக இருந்தது என்று கீழே உட்கார்ந்திருக்கிற ஒருத்தர்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிஷின் சத்தத்தில் கத்திக் கத்திச் சொன்னேன். காலியாக விட்ட ஐந்தாவது சுரம், எச்சில் இலையோடு நின்ற அம்மா, ஏஜென்டின் கட்டைவிரல், எனக்குச் சிலிர்த்தது, ஆயிரம் கச்சேரியில் ஏழெட்டு என்பது, ஒன்றையும் விடவில்லை. எவ்வளவு நன்றாகச் சொன்னேன் தெரியுமா? அரைப் பத்தி என்ன, இரண்டு பக்கத்துக்கு வரும். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே உருப்படியான விமர்சனம் அதுதான்.

தாரணி கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் கையில் இருந்த துணியை மடித்து மிஷின் மேல் வைத்தாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா விமர்சனம்க்கா. இப்ப வந்து சொல்லுறது செத்த வீட்டுல துட்டி கேக்குறது."

பிறகு, வெயில் ஏறுவதற்குள் பஸ் பிடித்துப் போங்கள் என்று வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.